சம்பூரிலிருந்து மின்சாரம் எந்த வழியால் வரலாம்? ஐந்து தெரிவுகள், ஓர் ஒப்பீடு

சம்பூர் மின் லைன் எந்த வழியால் வர வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கடிதத்தில் என்ன எழுதலாம் என்பது பற்றி மூன்று ஊர்களிலிருந்து மூன்று பேர் கேட்ட கேள்விகள்தான் இதை எழுத வைத்தன.

மூதூர்த் தம்பி ஒருவர் கேட்டார்: "ஐயா, கேபிளை நிலத்துக்குக் கீழே போடச் சொல்லி எழுதினால் எல்லாப் பிரச்சினையும் முடிஞ்சிடும்தானே?" தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர்: "வயலுக்குள்ளால வேண்டாம், காட்டுக்குள்ளால கொண்டுபோகட்டும் எண்டு எழுதுவமா?" கிண்ணியாவில் கடலுக்குப் போகும் காக்கா ஒருவர்: "குடாவுக்குள்ளால கேபிள் வந்தால் எங்கட வலைக்கு என்ன நடக்கும்?"

மூவர் கேட்டதும் நியாயம். ஆனால் மூவரும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் மின்சாரம் வர வழியே மிஞ்சாது. திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்தது, 2016இல் கைவிடப்பட்டது. அதே மண்ணில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்துக்கான வேலை 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. 2006இல் இடம்பெயர்ந்து, பத்து வருடம் கழித்துத் தங்கள் காணிக்குத் திரும்பிய மக்களின் ஊர் அது. நிலக்கரிப் புகை வராதது பெரிய ஆறுதல். என்றாலும் சூரிய மின்சாரமும் கம்பியில்தான் வெளியே போக வேண்டும். அந்தக் கம்பி போகும் வழியில் காடு, வயல், களப்பு, கடல் எல்லாம் இருக்கின்றன.

லைன் அளவீட்டு வேலையில் பல வருடம் நின்றவன் நான். எங்கள் குடும்ப வயல் தம்பலகாமத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறேன். இங்கே நான் எந்தத் திட்டத்தின் இறுதி வரைபடத்தையும் விமர்சிக்கவில்லை. சம்பூரிலிருந்து கொட்டியாரக்குடாவைச் சுற்றித் திருகோணமலைக்குக் கிட்ட உள்ள கப்பல்துறைப் பக்கம் வரும் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நீள 220 கிலோவோல்ற் லைன் ஒன்றை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஹபரணைப் பக்கம் போகும் லைனுக்கும் இதே யோசனை பொருந்தும்.

## எதை வைத்து அளப்பது

எவ்வளவு நிலம், எப்படிப்பட்ட நிலம். 220 கிலோவோல்ற் லைனுக்கு 35 மீற்றர் அகலமான வழித்தடமும், 132 கிலோவோல்றுக்கு 27 மீற்றரும் வேண்டும். 40 கிலோமீற்றருக்கு 35 மீற்றர் என்றால் 140 ஹெக்டெயர், அதாவது கிட்டத்தட்ட 345 ஏக்கர். அதே 345 ஏக்கர் பற்றைக்காடாக இருப்பதும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் முதிர்ந்த காடாக இருப்பதும் ஒன்றல்ல.

கோபுரத்துக்குப் போகும் பாதை. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அறிக்கைகளில் மிகக் குறைவாக எழுதப்படுவதும் இதுதான். 350 மீற்றருக்கு ஒரு கோபுரம் என்றால் 40 கிலோமீற்றருக்கு நூற்றுக்கு மேல் கோபுரங்கள். ஒவ்வொன்றுக்கும் பெக்கோவும் கொங்கிறீற் லொறியும் போக வேண்டும். கோபுரத்தின் கால் பிடிக்கும் இடம் ஒரு சிறிய வீட்டு அளவுதான். அதற்காக வெட்டும் கிறவல் பாதையோ வேலை முடிந்த பிறகும் அங்கேயே கிடக்கும். மரம் தறிப்பவர், மண் அள்ளுபவர், வேட்டைக்குப் போகிறவர், காணி பிடிப்பவர் எல்லோருக்கும் அது திறந்த கதவு.

நீர் ஓடும் வழி. மகாவலி பல கிளையாகப் பிரிந்து குடாவில் விழும் இடம் இது. வாய்க்கால், வில்லு (வெள்ளம் தேங்கும் சதுப்பு), களப்பு என்று நிலம் முழுக்க நீர்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு மகாவலி பெருகியபோது மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம் எங்கெல்லாம் ஏறியது என்பதை எங்கள் மக்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த வெள்ளத்தை மறிக்கும் எந்த மண்மேடும் ஊருக்குக் கேடு.

பறவையும் யானையும். பழுதானால் எவ்வளவு நாளில் திருத்தலாம், அந்தச் செலவு யாருடையது. கடைசியாக, பலர் கேட்க மறக்கும் ஒன்று: இன்னும் 20 வருடத்தில் பக்கத்தில் இரண்டாவது லைன் வேண்டும் என்று வருவார்களா?

விவரத்துக்குப் போகுமுன் ஒரு பார்வைக்கு:

| தெரிவு | பெரிய நன்மை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|
| காட்டூடாக நேர்க்கோடு | நீளம் குறைவு, வீடுகள் இல்லை | பாதை வழியே காடு திறந்துவிடும் |
| வீதி, பழைய லைன் ஓரம் | புதுப் பாதை மிகக் குறைவு | வயல், பனை, இழப்பீட்டு இழுபறி |
| இருக்கும் லைனைப் பலப்படுத்தல் | புது நிலமே தேவையில்லை | இழப்பு கூடும். சம்பூர் வரை எட்டாது |
| நிலத்தடிக் கேபிள் | கண்ணுக்கும் பறவைக்கும் தெரியாது | தொடர்ந்த அகழி, விலை பல மடங்கு |
| குடாவின் அடியால் | நிலம் தப்பும், தூரம் குறையும் | கடற்படுகை, திருத்தக் கப்பல் |

## காட்டூடாக நேர்க்கோடு

வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டால் இதுதான் வரும். நீளம் குறைந்தால் கம்பியும் கோபுரமும் குறையும். கோடு திரும்பும் இடமெல்லாம் பாரமான மூலைக் கோபுரம் வேண்டும் என்பதால், நேராகப் போவது பொறியியலாளருக்கு எப்போதும் பிடிக்கும். தனியார் காணி இல்லாததால் இழப்பீட்டு விசாரணையும் இல்லை. "காட்டுக்குள்ளால போகட்டும்" என்று எங்கள் கமக்காரர் சொல்வதும் அதனால்தான்: காட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் பிரதேச செயலகத்துக்கு வந்து முறையிடமாட்டார்.

ஆனால் அந்தக் கமக்காரருக்கு நான் சொன்னது இது. 35 மீற்றர் பட்டியில் உயர்ந்த மரங்களை எடுத்தால் வெயில் தரையில் விழும். புல்லும் இளம்பற்றையும் முளைக்கும். யானைக்கு அது நல்ல மேய்ச்சல். சேருவில, கந்தளாய்ப் பக்கத்து யானை அந்தப் பட்டியைப் பிடித்து நடந்தால் அதன் மறுமுனையில் இருப்பது எங்கள் வயல். வயலைக் காப்பாற்ற லைனைக் காட்டுக்குத் தள்ளினால், யானை அந்த லைன் வழியே வயலுக்கு வரும்.

சட்டத்திலும் இந்த வழி இலேசானதல்ல. ஒரு ஹெக்டெயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது 1993ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி சுற்றாடல் அனுமதி தேவைப்படும் கருத்திட்டம். தேசிய ஒதுக்கிடங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வரும் அபிவிருத்தி வேலைக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சோமாவதி தேசிய பூங்கா எங்கள் மாவட்டத்தை ஒட்டி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வழி சரியாகும் இடமும் உண்டு. ஏற்கெனவே சேனைக்காக வெட்டி வெட்டி மெலிந்துபோன பற்றைக்காடு, ஏற்கெனவே பாதை இருக்கும் தேக்கந்தோட்டம் போன்ற இடங்களில் போகலாம். முதிர்ந்த காட்டைத் தவிர்க்கவே முடியாத சிறு துண்டு வந்தால், கோபுரத்தை உயர்த்தி மரங்களின் மேலால் கம்பியைக் கொண்டுபோகச் சொல்லலாம். வழிநடத்தும் கயிற்றை ட்ரோனால் இழுத்து, கம்பி தரையில் படாமல் இழுவிசையோடு கட்டும் முறை இப்போது பல நாடுகளில் வழக்கம். அப்படிச் செய்தால் கம்பிக்கு நேர் கீழே மூன்று நான்கு மீற்றர் மட்டும் துப்புரவாக்கிவிட்டு, மீதியில் கம்பியைத் தொடும் உயரத்துக்கு வளரும் மரத்தை மட்டும் எடுத்தால் போதும். 35 மீற்றரையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை. இதை ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், கொந்தராத்துக்காரருக்கு மொட்டையடிப்பதுதான் மலிவு.

## வீதியோரமும் பழைய லைன் ஓரமும்

ஏ15 வீதி கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகிறது. ஏ6 வீதியும் ரயில் பாதையும் கந்தளாய், தம்பலகாமம் வழியாகத் திருகோணமலைக்கு வருகின்றன. அநுராதபுரத்திலிருந்து வரும் 132 கிலோவோல்ற் லைனுக்கு ஏற்கெனவே வெட்டிய வழித்தடம் உண்டு. மனிதன் ஏற்கெனவே கீறிய கோடுகள் இவை. புதுக் கோட்டை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் புதுப் பாதை வெட்டத் தேவை அநேகமாக இல்லை. கோபுரத்துக்குத் தேவையான சாமானை வீதியிலிருந்தே இறக்கலாம். நான் மேலே சொன்ன திறந்த கதவு இங்கே உருவாகாது.

நீளம் கூடும் என்பார்கள். கூடட்டும். 40 கிலோமீற்றர் 46 ஆனால் செலவு கூடும், கம்பியில் இழப்பும் கொஞ்சம் கூடும். காட்டுக்குள் பாதை போடும் செலவும், பிறகு அந்தப் பாதையைக் காவல் காக்கும் செலவும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதே இல்லை. சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கும்.

உண்மையான சிரமம் வேறு. வீதியோரத்தில் மனிதர் இருக்கிறார்கள். தென்னையும் பனையும் வெட்ட வேண்டி வரும். பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை வெட்ட அனுமதி தேவை என்பது பழைய சட்டம். மின் லைனுக்காக வெட்டினாலும் அந்த மரத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு நட்டம் நட்டம்தான். வழிவிடும் உரிமையைக் காணிக்காரர் மறுத்தால் பிரதேச செயலாளர் விசாரிப்பார். பல தடவை இடம்பெயர்ந்து, உறுதிப் பத்திரமே தொலைந்துபோன குடும்பங்கள் அந்த விசாரணையில் எதைக் காட்டுவது? இழப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கும்போது ஆவணம் இல்லாதவர் பெயரும் கிராம சேவகர் உறுதிப்படுத்தலோடு சேர வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

வயல் பற்றி என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் வயல் பக்கம் ஒரு கட்டுமான வேலைக்காக லொறி போகவென்று வாய்க்காலுக்குக் குறுக்கே கிறவல் கொட்டினார்கள். அடியில் ஒரு குழாய் வைத்தார்கள். அது போதாத குழாய். அந்தப் பெரும்போகத்தில் மேல்பக்க வயல் வெள்ளத்தில் நின்றது. அடுத்து வந்த சிறுபோகத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. வேலை முடிந்து லொறிகள் போய்விட்டன, கிறவல் கிடந்தது. வட்டவிதானை (வயல் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பாளர்) நாலு கடிதம் எழுதினார். கடைசியில் நாங்களே ஆள் பிடித்து அள்ளினோம். வாய்க்கால் ஓரத்தில் கோபுரம் நின்றிருந்தாலும் அந்தளவு கேடு வந்திருக்காது. கேட்டைக் கொண்டுவந்தது தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட பாதை.

அதனால் வயலில் கோபுரம் வருவதென்றால் மூன்று விடயம் பார்க்க வேண்டும். கோபுரம் வயலின் நடுவில் நிற்காமல் வரம்புகள் சந்திக்கும் மூலையில் நிற்க வேண்டும்; உழவு இயந்திரம் திரும்ப இடம் இருக்கும். வேலை சிறுபோக அறுவடைக்குப் பிறகு, மாரி தொடங்குமுன் உள்ள ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நடக்க வேண்டும். கிறவல் பாதைக்குப் பதிலாக இரும்புத் தகடோ மரப்பாயோ விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் விலை கூடத்தான். நாங்கள் இழந்த இரண்டு போகத்தின் விலையை வைத்துப் பார்த்தால் அது மலிவு.

இந்த வழியின் பலவீனமான இடம் மகாவலிக் கிளைகளும் களப்பும். இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. காட்டில் கோபுரம் உயர்ந்தால் மரம் தப்பும். களப்பில் கோபுரம் உயர்ந்தால் பறவை பறக்கும் உயரத்தில் கம்பி நிற்கும். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் வாத்துகளும் நாரைகளும் மாரியில் எங்கள் களப்புகளில் இறங்குகின்றன. அவை பெரும்பாலும் மோதுவது தடித்த மின்கம்பியில் அல்ல. கோபுர உச்சியில் இடிமின்னலுக்காகக் கட்டும் மெல்லிய புவிக்கம்பியில். மன்னார் வங்காலைப் பக்கம் பூநாரைகள் கம்பியில் மோதி இறந்தது பற்றிப் பறவை ஆர்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். புவிக்கம்பியில் சுருள்களும் பளபளக்கும் தட்டுகளும் கட்டினால் மோதல் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளின் சராசரி. மீதிப் பாதி மோதல் நடந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். உப்புக்காற்றும் வெயிலும் அந்தத் தட்டுகளை உதிர்த்துவிடும். மாற்றுவதற்குப் பொறுப்பு யார் என்பதும் எழுத்தில் வேண்டும். கம்பிகளை மேலும் கீழுமாக அல்லாமல் ஒரே மட்டத்தில் கட்டினால் பறவைக்குத் தடை குறையும். ஆனால் பட்டியின் அகலம் கூடும். திறந்த களப்பில் அகலம் கூடினால் வெட்ட மரம் இல்லை, ஆகவே அங்கே இது நல்ல மாற்று. கண்டல் காட்டுக்குள் செய்தால் கெட்ட மாற்று.

## இருக்கும் லைனைப் பலப்படுத்துவது

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: புது லைன் வேண்டுமா? பழைய கோபுரங்களையே வைத்துக்கொண்டு கம்பியை மட்டும் மாற்றலாம். வழக்கமான உருக்கு நடு அலுமினியக் கம்பி 75 பாகை வெப்பம் வரைக்கும்தான் நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் நீண்டு தொய்ந்து தரைக்கு நெருங்கும். கார்பன் நார் அல்லது இன்வார் உலோகக் கலவை நடுவில் உள்ள கம்பி 150 பாகைக்கு மேல் சூடேறினாலும் அதிகம் தொய்யாது. அதே தடிப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம் போகும். ஒரு மரமும் விழாது, ஒரு காணியும் போகாது.

குறை என்னவென்றால், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் நான்கு மடங்காகும். 120 மெகாவாற்றை 220 கிலோவோல்றில் அனுப்ப 315 அம்பியர் அளவு போதும். 132 கிலோவோல்றில் அனுப்ப 525 அம்பியர் வேண்டும். ஒரே கம்பியாக இருந்தால் இழப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு. அந்த வீணாகும் மின்சாரத்தை ஈடுசெய்ய வேறெங்கோ எண்ணெய் எரிக்க வேண்டி வந்தால், மரத்தைக் காப்பாற்றி விட்டுப் புகையைக் கூட்டியதாகும். கம்பி மாற்றும் நாட்களில் மின்வெட்டும் வரும்.

சம்பூருக்குப் பெரிய லைன் இதுவரை போனதில்லை என்பதால் முதல் 40 கிலோமீற்றருக்கு இந்தத் தெரிவு கை கொடுக்காது. திருகோணமலையிலிருந்து மேற்கே அநுராதபுரம் பக்கம் மின்சாரத்தை அனுப்பும் துண்டுக்கு இதை அவசியம் கேட்க வேண்டும். சூரிய மின்சாரம் நண்பகலில் மட்டும் உச்சத்துக்குப் போகிறது. மற்ற நேரம் கம்பி பாதி வெறுமையாக இருக்கும். மின்நிலையத்திலேயே பற்றரி வைத்து நண்பகல் மிகுதியை இரவுக்குத் தள்ளினால், சிறிய லைனே போதுமா என்ற கேள்வியும் இதோடு சேரும்.

## நிலத்தடிக் கேபிள்

மூதூர்த் தம்பி கேட்டது இதைத்தான். கொழும்பு நகரத்துக்குள் 132 கிலோவோல்ற் கேபிள்கள் நிலத்துக்குக் கீழேதான் போகின்றன. ஆகவே இலங்கைக்குப் புதிதல்ல. புயலுக்கு அசையாது. 1964 டிசெம்பர் சூறாவளி திருகோணமலையை அடித்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்ட எங்களுக்கு அது சின்ன விடயமல்ல. பறவை மோதாது.

ஆனாலும் 40 கிலோமீற்றர் முழுவதற்கும் இதைக் கேட்க வேண்டாம் என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

மேல்நிலை லைன் 350 மீற்றருக்கு ஒரு தடவைதான் நிலத்தைத் தொடுகிறது. கேபிள் ஒவ்வொரு மீற்றரையும் தொடுகிறது. ஒன்றரை மீற்றர் ஆழத்துக்கு அகழி, அதற்குப் பக்கத்தில் மண் குவிக்கவும் லொறி ஓடவும் பத்துப் பதினைந்து மீற்றர், ஒவ்வொரு கிலோமீற்றருக்குள்ளும் இணைப்புக்கான கொங்கிறீற் அறை, அதற்கு நிரந்தரப் பாதை. மேலே மரம் வளரவிட முடியாது. வேர் கேபிளைச் சுற்றியுள்ள மண்ணை உலர்த்தினால் கேபிள் சூடேறும்.

வயலில் இது இன்னும் மோசம். உழவு படும் மண்ணுக்குக் கீழே தலைமுறை தலைமுறையாக மிதித்தும் உழுதும் இறுகிய ஒரு படை இருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்பதே அதனால்தான். அகழி வெட்டினால் அந்தப் படை உடையும். மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் தனித்தனியே வைத்து, அதே வரிசையில் போட்டு இறுக்காவிட்டால், அந்தக் கோட்டு வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கண்டல் ஓரச் சேற்றைக் கிண்டினால் வேறு பிரச்சினை: அந்தச் சேற்றில் அடங்கிக் கிடக்கும் கந்தகச் சேர்வை காற்றுப் பட்டதும் அமிலமாகும், அது வடியும் நீரில் மீன் குஞ்சு தாங்காது.

அடுத்தது மின்சாரத்தின் இயல்பு. நிலத்தடிக் கேபிள் தன்னைத்தானே மின்னேற்றிக்கொள்ளவே மின்னோட்டத்தை எடுக்கும். 220 கிலோவோல்றில் அது கிலோமீற்றருக்கு 6 முதல் 8 அம்பியர் அளவு. 40 கிலோமீற்றருக்கு 240 முதல் 320 அம்பியர். சம்பூரின் 120 மெகாவாற்றுக்கு வேண்டிய 315 அம்பியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: கேபிளின் சொந்தப் பசியே கொண்டுபோகும் சுமைக்குச் சமமாகிறது. இதைச் சமன்செய்ய இடையிடையே பெரிய ஈடுசெய் கருவிகள் வேண்டும், அவற்றுக்கு நிலம் வேண்டும். விலை பல நாடுகளில் மேல்நிலை லைனைவிட 5 மடங்கு, 10 மடங்கு என்று போகிறது. பழுது வந்தால் மேல்நிலைக் கம்பியைச் சில நாட்களில் கட்டலாம். கேபிளில் இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, இணைத்து முடிக்க வாரங்கள் ஆகும்.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். அழியும் நிலையில் உள்ள கானமயிலைக் காப்பாற்ற, ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மின் லைன்களை நிலத்தடிக்குக் கொண்டுபோகும்படி இந்திய உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில், உயர் அழுத்த லைன் எல்லாவற்றையும் அப்படிப் புதைப்பது நடைமுறையில் இயலாது என்ற வாதத்தைக் கேட்டு, அந்தப் பொது உத்தரவை மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டது. பறவைக்காக எழுந்த அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து கேட்டதால் வந்த தாமதத்தில், அவசரமான இடங்களும் காத்திருந்தன என்பதுதான் என் கவலை.

ஆகவே கேபிளைத் துண்டாகக் கேளுங்கள். பறவைகள் திரளாக இறங்கும் களப்பு வாய், வீடு நெருங்கிய ஊர்ப்பகுதி, கோயிலோ பள்ளிவாசலோ மையவாடியோ ஒட்டிய இடம் என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் துண்டு நியாயமான கோரிக்கை. ஆற்றைக் கடக்கும் இடத்தில் அகழி வெட்டாமல் படுகைக்கு அடியால் துளையிட்டுக் குழாய் செலுத்தலாம். எங்கே வீதி இருக்கிறதோ அங்கே வீதியின் ஓரத்துக்குள்ளேயே கேபிளைப் போடச் சொல்லுங்கள். அந்த மண் ஏற்கெனவே கிண்டப்பட்டது.

## கொட்டியாரக்குடாவின் அடியால்

சம்பூர்க் கரையில் நின்று பார்த்தால் திருகோணமலை கண்ணெதிரே தெரிகிறது. நிலத்தால் சுற்றி வருவதைவிடக் கடலால் தூரம் எவ்வளவோ குறைவு. கேட்கவே நன்றாக இருக்கும்.

ஆனால் இந்தக் குடா சாதாரணக் குடா அல்ல. கரைக்குக் கிட்டவே ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கும் இடம் இது. திருகோணமலைத் துறைமுகத்தின் புகழுக்கும், கரையோரம் வரை திமிங்கிலம் வருவதற்கும் அந்த ஆழமும் ஒரு காரணம். செங்குத்தான படுகையில் கேபிள் தொங்கும். மகாவலி கொண்டுவரும் வண்டல் சரிந்தால் இழுபடும். பள்ளத்தாக்கைத் தவிர்த்து உட்பக்கமாக வளைத்தால் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் நங்கூரத்துக்கும் எங்கள் மீனவரின் வலைக்கும் குறுக்கே வரும். இன்னும் உள்ளே போனால் தம்பலகாமக் குடா; தட்டையான முத்துச்சிப்பி வகை வாழும் சேற்றுப்படுகை அது. பழுதானால் திருத்தும் கப்பல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் சம்பூர் மின்சாரம் சம்பூரிலேயே நிற்கும்.

கிண்ணியாக் காக்காவுக்கு என் பதில்: கேபிள் புதைக்கும் மாதங்களிலும் அதற்குப் பிறகு மீன்பிடி தடைசெய்யும் பட்டியிலும்தான் உங்கள் நட்டம் இருக்கும். 120 மெகாவாற்றுக்கு இந்த வழி வேண்டாம். பின்னாளில் கடலில் காற்றாலை வந்தால், அப்போது கடலடிக் கேபிள் எப்படியும் தேவைப்படும்; அன்றைக்கு மீனவர் சங்கத்தை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும்.

## எந்த நிலையில் எது

உங்கள் ஊர் முதிர்ந்த காட்டுக்கும் வீதிக்கும் இடையில் இருந்தால், வீதியோரத்தைக் கேளுங்கள்; நீளம் கூடினாலும் விடாதீர்கள். களப்போரம் என்றால், வீதியோர லைனோடு களப்பு வாயில் மட்டும் நிலத்தடித் துண்டு. அது கிடைக்காவிட்டால் தாழ்ந்த, ஒரே மட்டக் கம்பியும் புவிக்கம்பியில் தட்டுகளும். ஏற்கெனவே லைன் ஓடும் ஊர் என்றால், கம்பியை மாற்றிப் பார்த்தார்களா என்ற கணக்கைக் கேளுங்கள். மெலிந்த பற்றைக்காட்டுக்கும் நெல்வயலுக்கும் இடையில் தெரிவு வந்தால், பாதை புதிதாக வெட்டாத பக்கத்தைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டாவது லைன் பற்றிச் சொன்னேன் அல்லவா? திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் 2025 ஏப்ரலில் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. மின்சாரம் கூடத்தான் போகிறது. ஆகவே இரண்டு சுற்று, அதாவது இரண்டு தொகுதி மின்கம்பி, தாங்கும் கோபுரத்தை இப்போதே நிறுத்தி, முதலில் ஒரு சுற்றை மட்டும் கட்டுவது நல்லது. கோபுரம் கொஞ்சம் பாரமாகும். ஆனால் பதினைந்து வருடத்தில் பக்கத்தில் இன்னொரு 35 மீற்றர் வெட்ட வரமாட்டார்கள்.

உபநிலையம் பற்றி ஒரு சொல். இடத்தைச் சுருக்க வாயு அடைத்த ஆளிகள் (சுவிச்சுகள்) வைப்பார்கள். அதில் பயன்படும் சல்பர் ஹெக்சாபுளோரைட்டு, காபனீரொட்சைட்டைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். கசிவை அளந்து பதியும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பது எங்கள் உரிமை.

## கடிதத்தில் எழுத வேண்டியது

50 கிலோவோல்றுக்கு மேல், 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் மேல்நிலை லைன் சுற்றாடல் அனுமதி தேவைப்படும் கருத்திட்டம். விரிவான சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெளியிடப்பட்டால் மக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். ஆரம்ப ஆய்வு மட்டும் என்றால் அந்த 30 நாள் வாய்ப்பு அப்படி இருக்காது. ஆகவே எந்த வகை அறிக்கை கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்திலும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

"லைன் வேண்டாம்" என்று ஒரு வரியில் எழுதிய கடிதம் கோப்பில் போய்ச் சேரும். எங்கள் கமக்காரர் அமைப்பு எழுதப்போகும் கடிதத்தில் நான் சேர்த்திருப்பவை இவை. வரைபடத்தில் கோபுரப் புள்ளிகளோடு ஒவ்வொன்றுக்கும் போகும் பாதையையும் வரைந்து காட்ட வேண்டும். வேலை முடிந்ததும் எந்தப் பாதை மூடப்படும், யார் மூடுவார், எந்தத் திகதிக்குள் என்று அட்டவணை வேண்டும். வாய்க்காலைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் வைக்கும் குழாயின் விட்டத்தை வட்டவிதானையும் கமநல சேவை நிலையமும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வயலுக்குள் பெக்கோ இறங்குவது சிறுபோக அறுவடைக்குப் பிறகு மட்டும். கொந்தராத்துக்காரரின் கடைசித் தவணைப் பணம், அடுத்த பெரும்போகத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததை அமைப்பு உறுதிப்படுத்திய பிறகுதான் விடுவிக்கப்பட வேண்டும்.